பழைய பத்மினியில் கார்புரேட்டர் மாற்றப்போகிறீர்களா? முதலில் வண்டி மூச்சு விடுகிறதா பாருங்கள்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினியில். காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் புதிதாகப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இழுக்க மறுத்தது, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் புளியமர நிழலில் நின்றேவிட்டது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. மாதனூர் வருவதற்குள் மறுபடியும் அதே கதை. வெயிலில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது என்று மாமா சொன்னார், ஈரத்துணியைப் பிழிந்து பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினோம், பயனில்லை. சரி, டாங்கில் பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வெளியே வரும் சத்தம் இல்லை, காற்று உள்ளே போகும் சத்தம். மூடியை லேசாகத் தளர்த்தி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன், ஆம்பூர் மண்டபம் வரைக்கும் வண்டி ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை.

நடந்தது இதுதான். கார்புரேட்டர் மாற்றிய அதே நாளில் தேய்ந்துபோன டாங்க் மூடியையும் மாற்றியிருந்தோம். பழைய மூடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மூச்சுத் துளை இருந்தது. புது மூடியில் இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல், டாங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாமல் போயிருக்கிறது. நின்ற பத்து நிமிடத்தில் எங்கோ ஒரு ஓரமாகக் காற்று கசிந்து உள்ளே போனதும் திரும்ப ஓடியிருக்கிறது. இரண்டு வாரமாக நான் சந்தேகப்பட்ட கார்புரேட்டரில் ஒரு குறையும் இல்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் கார்புரேட்டர் மாற்றுவதையும் மூச்சுக்குழாய்களைச் சரிசெய்வதையும் ஒரே வேலையாகச் சொல்கிறேன். பெட்ரோல் தானாக எங்கேயும் போகாது, காற்று தள்ளும் இடத்துக்குத்தான் போகும். காற்றுப் பாதையைப் பார்க்காமல் கார்புரேட்டரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். நான் பத்மினியை வைத்தே சொல்கிறேன். அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான், அளவுகளும் இடங்களும் மட்டும் மாறும்.

மாற்றத்தான் வேண்டுமா?

பல நேரம் தேவையில்லை. பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டில் பிசின் அடைத்திருந்தால் கழுவி, கம்ப்ரசர் காற்று அடித்து, இணைப்புகளில் கசியாமல் வைக்கும் பேக்கிங் செட்டை மாற்றினாலே போதும். மாற்ற வேண்டிய நிலையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டர் கம்பி இணைகிற அந்த அச்சுத் தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் அந்தத் துளை தேய்ந்துவிட்டது, அது வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. அப்புறம் எத்தனை முறை டியூன் செய்தாலும் ஐடிலிங், அதாவது மிதிக்காமல் விட்டபோது எஞ்சின் ஓடும் மெது ஓட்டம், சீராக நிற்காது. தண்டுத் துளைக்கு புஷ் அடித்துத் தரும் லேத் பட்டறை கிடைத்தால் பழையதையே காப்பாற்றலாம். அடித்தட்டு வளைந்திருந்தாலோ, உடம்பில் விரிசல் விட்டிருந்தாலோ, ஜெட் உட்காரும் திருகுமரை அழிந்திருந்தாலோ மாற்றிவிடுவது நல்லது.

வாங்கும்போது கையில் பழைய கார்புரேட்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள். பத்மினிக்கு சோலக்ஸ் வகைக் கார்புரேட்டர் வரும், காற்று போகும் தொண்டை ஒன்றே ஒன்று. உடம்பில் 32 என்ற எண் இருந்தால் அது கீழ்வாயின் விட்டம், 32 மி.மீ. மெயின் ஜெட்டின் தலையில் இருக்கும் எண் துளையின் அளவு, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில், அதாவது 120 என்றால் 1.20 மி.மீ. இரண்டிலும் இந்த எண்களை ஒப்பிடுங்கள். மாட்டும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) துளைகளின் இடைவெளி, ஆக்சிலரேட்டர் நெம்பு இருக்கும் பக்கம், பெட்ரோல் உள்ளே வரும் மூக்கு பார்க்கும் திசை, சோக் கேபிள் பிடிக்கும் இடம், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 'வேறு வண்டியோடது, ஆனா உட்காரும்' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். உட்காரும், ஓடாது. புதிது என்று சொல்லிப் பாலிஷ் போட்ட பழசும் சந்தையில் உண்டு, அதற்கும் அதே சோதனைதான், தண்டை ஆட்டிப் பாருங்கள்.

மூன்று மூச்சுக்குழாய்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலரும் தாண்டிப்போகிற பகுதி இதுதான்.

முதலாவது டாங்கின் மூச்சு. சில வண்டிகளில் மூடியிலேயே துளை இருக்கும், சிலவற்றில் டாங்கின் மேற்பகுதியிலிருந்து தனியாக ஒரு மெல்லிய குழாய் கீழே இறங்கி வண்டிக்கு அடியில் முடியும். கீழே முடிகிற குழாயாக இருந்தால் அதன் வாயை முதலில் பாருங்கள். நம் ஊரில் குளவி மண்கூடு கட்டாத ஓட்டை கிடையாது, ஒரு மாதம் நிறுத்திவைத்த வண்டியில் இந்தக் குழாய் வாய் சிமென்ட் பூசின மாதிரி அடைபட்டிருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேல்முனையை டாங்கிலிருந்து பிரித்து வாயால் ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். மூடியில் துளை இருக்கும் வகை என்றால் மூடியைக் கையில் எடுத்து, உள்பக்கம் வாய்வைத்து ஊதிப்பாருங்கள். வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது மூடிக்கும் சேர்த்து அடித்திருந்தால் துளை மூடியிருக்கும்.

இரண்டாவது கார்புரேட்டர் கிண்ணத்தின் மூச்சு. மிதவை இருக்கும் அந்தச் சின்னக் கிண்ணத்தில் பெட்ரோலின் மேல் எப்போதும் காற்றழுத்தம் இருக்க வேண்டும். தொண்டையில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, கிண்ணத்தின் மேலுள்ள காற்று பெட்ரோலை ஜெட் வழியாகத் தள்ளுகிறது. கார்புரேட்டர் என்ற சாமானின் மொத்த ரகசியமும் இந்த அழுத்த வித்தியாசம்தான். இந்த மூச்சு ஏர் ஃபில்டருக்குள்ளேயே திறக்கும் வகையும் உண்டு, வெளியே திறக்கும் வகையும் உண்டு. உள்ளே திறந்தால் ஃபில்டர் அடைபடும்போது தொண்டையிலும் கிண்ணத்திலும் அழுத்தம் சேர்ந்தே குறையும், கலவை பெரிதாக மாறாது. வெளியே திறந்தால் தொண்டையில் மட்டும் அழுத்தம் குறைந்து கிண்ணத்தில் அப்படியே இருக்கும், பெட்ரோல் அதிகமாக ஏறிக் கருப்புப் புகை வரும். உங்கள் வண்டி ஃபில்டர் அழுக்கானதும் புகை கக்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்தத் துளையை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள், 'பெட்ரோல் வாசம் வருது' என்று சொல்லி ஒரு திருகை வைத்து மூடிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி இதை மேனிஃபோல்டிலிருந்து (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) வரும் வேக்கம் குழாயோடு இணைத்துவிடவும் கூடாது. பழைய சாமானில் ஒரே அளவு மூக்கு இரண்டு மூன்று இருக்கும், பார்க்க ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது எஞ்சினின் மூச்சு, மெக்கானிக்குகள் ப்ரீத்தர் என்பார்கள். பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் புகை வெளியேற வேண்டிய பாதை. டேப்பட் கவரிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ கிளம்பி ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டருக்கு வரும். இது அடைபட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, சீல்கள் வழியாக ஆயில் ஒழுகும். புது சீல் போட்டும் ஒழுகுகிறது என்று புலம்புகிற பாதிப்பேருக்கு இந்த ஹோஸ்தான் காரணமாக இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் உள்ளே கருப்பாகத் தார் மாதிரி ஒட்டியிருக்கும், மண்ணெண்ணெய் ஊற்றி நீளமான பிரஷ்ஷால் இழுத்துக் கழுவிவிட்டுக் காயவைத்து மாட்டுங்கள். நடுவில் தொங்கிப்போயிருந்தால் அந்தக் குழியில் ஆவி தண்ணீராகத் தேங்கும், ஆகவே எஞ்சின் பக்கம் சரிந்து வரும்படி வையுங்கள்.

கழற்றும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். போர்ட்டிகோவுக்குப் பக்கத்தில் சமையலறைக் கதவு, பூஜை விளக்கு, கீசர் எதுவும் வேண்டாம். வண்டியைத் திறந்த இடத்துக்குத் தள்ளிக்கொள்ளுங்கள், எஞ்சின் முழுக்க ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். ஒரு பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு வாளி உலர்ந்த மணலாவது. தண்ணீர் உதவாது.

பத்மினி மில்லிமீட்டர் கணக்கு வண்டி, பெரும்பாலான இடத்தில் 10, 13 ஸ்பேனர் போதும். அம்பாசடர் இஞ்ச் கணக்கு, அதற்கு அரை இஞ்ச், ஏழு-பதினாறு ஸ்பேனர்கள் வேண்டும். அரை இஞ்ச் நட்டில் 13-ஐ வைத்து அழுத்தித் திருகினால் நட்டின் முனை மழுங்கும், ஒருமுறை மழுங்கிவிட்டால் ஸ்டட்டோடு போராட வேண்டியிருக்கும்.

செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். அப்புறம் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒவ்வொரு குழாய்க்கும் அது வந்த மூக்குக்கும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். ஏர் ஃபில்டர், பெட்ரோல் குழாய், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் குழாய் இருந்தால் அது, சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி, கடைசியாக அடி நட்டுகள் என்ற வரிசையில் போங்கள். பெட்ரோல் குழாயைப் பிடுங்கும்போது கொஞ்சம் ஒழுகும், கீழே ஒரு துணி வையுங்கள், முனையில் ஒரு போல்ட்டைச் செருகிவிடுங்கள். அடி நட்டுகளின் வாஷர் உள்ளே விழாமல் காந்தக் குச்சியால் எடுப்பது நல்லது. கார்புரேட்டரைத் தூக்கியதும் மேனிஃபோல்டின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே போனால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாகிவிடும், இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

பேக்கிங் வெட்டுவது

கடையில் செட் கிடைக்கும், ஆனால் துளை அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் காற்று கசியும். எனக்கு நானே வெட்டிப் போடுவதுதான் நிம்மதி. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் நகரத்தில் பழைய கார்களையே ஐம்பது வருடமாகப் பார்த்துவரும் ஒரு பாய். முதல்முறை நான் கத்தரிக்கோலை எடுத்ததும், 'தம்பி, கத்தரி வேணாம், சுத்தியலக் கொண்டா' என்றார்.

கேஸ்கெட் ஷீட்டை அடித்தட்டின் மேல் வைத்து, ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். கனமாக இல்லை, வெற்றிலைப் பாக்கு இடிக்கிற அளவுக்குத்தான். உலோகத்தின் ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே காகிதம் முதலில் பளபளப்பாகிறது, பிறகு மெல்லியதாகிறது, பிறகு தானாகவே கிழிந்து விழுகிறது. நடுத்துளையும் அதே மாதிரி. ஸ்டட் துளைக்கு மட்டும் வட்டப் பஞ்ச் வேண்டும், அது நம் பக்கத்தில் பஞ்சமில்லாத சாமான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வேலை நடப்பதால், செருப்பு, பெல்ட் செய்பவர்கள் வைத்திருக்கும் பஞ்ச் எந்த அளவிலும் கிடைக்கும். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 8.5 அல்லது 9 பஞ்ச் சரியாக இருக்கும். பாய் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பேக்கிங்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார், கிழிசல் ஓரத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. சுத்தியலை வைத்துத் தட்டும்போது அடித்தட்டு புதுக் கார்புரேட்டருடையதாக இருக்க வேண்டாம், பழையதன் மேல் தட்டுங்கள்.

மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு தடித்த பேக்லைட் துண்டு இருக்கும். அது வெறும் இடைவெளி நிரப்பி இல்லை, எஞ்சின் சூடு கிண்ணத்துக்கு ஏறாமல் தடுப்பது. சிலர் அதை எடுத்து எறிந்துவிட்டு நேராக மாட்டியிருப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் ஓட்டவே கூடாது, விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள். அதன் இரண்டு பக்கமும் பேக்கிங் வேண்டும். அடித்தட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள், ஆடினால் கண்ணாடியின் மேல் நைஸ் எமரித் தாளை விரித்து எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்துச் சமமாக்குங்கள்.

மாட்டுவது

புதுக் கார்புரேட்டரை அப்படியே மாட்டிவிடாதீர்கள். மேல்மூடியைத் திறந்து உள்ளே உலோகத் தூள் இருக்கிறதா பாருங்கள். மிதவையை ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கக் கூடாது, பித்தளை மிதவை என்றால் வெந்நீரில் முக்கிப்பாருங்கள், ஓட்டை இருந்தால் குமிழி வரும். ஊசி வால்வைச் சோதிக்க மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி மூடியிருக்கும் நிலையில், பெட்ரோல் மூக்கில் வாய்வைத்து ஊதுங்கள். காற்று போகவே கூடாது. சோலக்ஸில் பெட்ரோல் மட்டம் கூடக் குறைய இருந்தால் ஊசி வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரின் தடிமனை மாற்றித்தான் சரிசெய்வார்கள், தடித்த வாஷர் போட்டால் மட்டம் இறங்கும்.

பேக்கிங்குக்கு எந்தப் பசையும் வேண்டாம். பெட்ரோலில் கரைந்த பசை ஜெட்டில் போய் உட்காரும். இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கையில் சின்ன ஸ்பேனரை வைத்து மணிக்கட்டு பலத்தால் இறுக்கினால் போதும், உடம்பு பலத்தைப் போட்டால் அடித்தட்டு வளையும், அப்புறம் புதுசும் பழசாகிவிடும்.

ஆக்சிலரேட்டர் கம்பியை மாட்டியதும் வீட்டில் யாரையாவது உட்காரவைத்து மிதியை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். தொண்டையில் உள்ள தகடு நேராக நிற்க வேண்டும், காலை எடுத்ததும் டக்கென்று மூட வேண்டும். இழுப்பு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சோக்கை உள்ளே தள்ளியதும் கேபிளில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும், இல்லையென்றால் சோக் பாதியில் நின்று பெட்ரோலைக் குடிக்கும். பல சோலக்ஸ்களில் சோக் என்பது வாயை மூடும் தகடு கிடையாது, பக்கத்தில் தனியாக ஒரு ஸ்டார்ட்டர் அறை, அதில் ஒரு வட்டத் தட்டு திரும்பித் துளைகளைத் திறக்கும். மேலிருந்து பார்த்துத் தகடு இல்லையே என்று பதற வேண்டாம்.

குழாய்கள்

பெட்ரோல் போகும் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பத்மினி காலத்து ரப்பரும் கார்க்கும் இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை இல்லை. ஹோஸ் உள்பக்கம் ஊறி, தோல் உரிந்து, கருப்புத் துகளாக ஜெட்டுக்குப் போகும். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், எத்தனாலைத் தாங்கும். விலை கூடத்தான், மொத்தமாக இரண்டு மீட்டர்கூடத் தேவைப்படாது. உள்ளே பெட்ரோல் தெரிகிறது என்று கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபைப் போடுகிறார்கள், அது சில மாதங்களில் விறைத்து மூக்கிலிருந்து நழுவும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். தயவுசெய்து வேண்டாம். கிளிப்பும் ஓரம் மடித்த வகையாக இருக்கட்டும், கூரான ஓரம் ரப்பரை அறுக்கும். ஃபில்டரில் இருக்கும் அம்புக்குறி பெட்ரோல் போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

மூச்சுக்குழாய்களைப் போடும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். எங்கேயும் மடங்கக் கூடாது, குறிப்பாக பானட்டை மூடும்போது நசுங்கக் கூடாது. இதைச் சோதிக்க, குழாய் மேல் கொஞ்சம் களிமண் உருண்டை வைத்து பானட்டை மூடித் திறங்கள், தட்டையாகியிருந்தால் பாதையை மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சாண் தள்ளியாவது இருக்க வேண்டும். அம்பாசடர்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள், அந்தப் பழைய எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுமே ஒரே பக்கம். கிண்ணத்தின் மூச்சு வெளியே திறக்கும் வகை என்றால் குழாயின் முனை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமோ எக்ஸாஸ்ட் பக்கமோ பார்க்கக் கூடாது. கிண்ணம் நிரம்பி வழிந்தால் பெட்ரோல் இந்த வழியாகத்தான் வெளியே வரும், ஒரு பொறி போதும்.

முதல் ஸ்டார்ட்

கிண்ணம் காலியாக இருக்கும். பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிப்பதற்குப் பதில், 20 மி.லி. சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்துக் கிண்ணத்தின் மூச்சுத் துளை வழியாகவே மெதுவாக இறக்குங்கள். தொண்டைக்குள் நேராகப் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்வது பழைய பழக்கம், பேக் ஃபயர் ஆனால் முகத்துக்கு நேராகத் தீ வரும், அதைச் செய்யவே செய்யாதீர்கள். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாகப் பிடிக்க வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் டார்ச் அடித்து எல்லா இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் உடனே அணையுங்கள்.

டியூன் செய்வதற்கு முன் வால்வுகளின் டேப்பட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் இடைவெளி, பொறி விழும் டைமிங் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். அவை தப்பாக இருந்தால் கார்புரேட்டரில் எதைத் திருகினாலும் வீண். பிறகு கலவைத் திருகை மெதுவாக உள்ளே உட்காரும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கி உட்காரவைத்தால் ஊசியின் முனையில் வளையம் விழும், அப்புறம் செட்டிங் நிற்காது. எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடட்டும், ஐடிலிங்கை நிமிடத்துக்கு 800 சுற்று வாக்கில் வையுங்கள். கலவைத் திருகைக் கால் சுற்றாக உள்ளே கொண்டுபோங்கள், ஓட்டம் தளர்ந்து ஒரு நடுக்கம் வரும், அங்கிருந்து வெளியே எடுத்துக்கொண்டே வந்தால் ஓட்டம் கூடிச் சீராகும் ஒரு இடம் வரும், அதைத் தாண்டினால் மறுபடி மந்தமாகும். அந்தச் சீரான இடம்தான் வேண்டும். ஐடிலிங் கூடியிருந்தால் குறைத்துவிட்டு இன்னொருமுறை செய்யுங்கள். வேக்கம் கேஜ் இருந்தால் இன்னும் சுலபம், முள் 17-லிருந்து 21 இஞ்ச் பாதரச அளவுக்குள் ஆடாமல் நின்றால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது.

ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் தண்ணீர் வைத்து அடித்தட்டு ஓரத்திலும் வேக்கம் குழாய் மூக்கிலும் தெளியுங்கள், சத்தம் மாறும் இடம்தான் கசிவு. இதற்குக் கார்ப் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு, சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

அப்படியே ஒரு புகைப் பரிசோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போங்கள். இந்த வயது கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும், சான்று ஆறு மாதம் செல்லும். சான்றுக்காக மட்டும் போகாமல் அந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை எண் ஏறியிருந்தால் ஃபில்டரோ மிதவையோ பேசுகிறது என்று அர்த்தம்.

வெயில்

வேலூர் வெயிலில் கடைத்தெருவில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் திணறும். எஞ்சின் ஓடாதபோது காற்றோட்டம் இல்லாமல் சூடு மேலே ஏறி, கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது, எத்தனால் கலந்ததில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்த நேரத்தில் சோக்கைத் தொடாதீர்கள், மிதியைப் பம்ப் அடிக்காதீர்கள். மிதியை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், அதிகப்படி பெட்ரோல் வெளியேறிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போதே நின்றால் அது வேறு, அதற்கு முதல் வேலை டாங்க் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்பது.

எத்தனாலால் கலவை கொஞ்சம் வறண்டுபோகும். அதற்காக உடனே பெரிய ஜெட் போட வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பால் காபி நிறம் இருந்தால் அப்படியே விடுங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி இருந்து, மேட்டில் இழுவையும் குறைந்தால் மட்டும் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றலாம். கரியாக இருந்தால் மிதவை மட்டத்தையும் சோக் கேபிளையும் பாருங்கள்.

மேட்டுச் சோதனைக்கு எங்களுக்கு ஏலகிரி இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியரில் விடாமல் ஏறும்போது டாங்க், பம்ப், கிண்ணம், மூச்சு எல்லாமே ஒன்றாகச் சோதனைக்கு வரும். முதலில் கால் டாங்க் பெட்ரோலோடு போங்கள். ஆனால் நிறைய காலி இடம் இருந்தால் அடைப்பு தெரிய நேரமாகும், அதனால் திரும்பி வந்து டாங்கை நிரப்பியும் ஒருமுறை போங்கள், நிரம்பிய டாங்கில்தான் வெற்றிடம் சீக்கிரம் உருவாகும். மேலே போய் நிறுத்தியதும் மூடியைத் திறங்கள். சத்தம் எதுவும் வரக் கூடாது. கீழே வந்து எஞ்சின் ஆறியபின் அடி நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், புது பேக்கிங் அமுங்கியிருக்கும், கால் சுற்று கேட்கும்.